மேற்கோள் குரூப்பைக் காலி செய்த சனிக்கிழமை

ஆய்வுக் கட்டுரைகளைப் போட்டு வைக்கிற எங்கள் மேற்கோள் குரூப்பில் எனக்கு இப்போது எதையும் அழிக்கும் உரிமை கிடையாது. கட்டுரை சேர்க்கலாம், திருத்தலாம், அடியில் குறிப்பு எழுதலாம். அழிக்கும் பொத்தான் மட்டும் என் திரையில் வெளிறிப்போய்க் கிடக்கும்; அமுக்கினாலும் அசையாது. இது பிறகு அக்கா தன் பெயரில் புதிதாகத் தொடங்கிய குரூப்; அப்படிச் செய்து வைத்தவரும் அவர்தான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னைக் குரூப்பை விட்டே துரத்தியிருப்பேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஒரே கல்லூரியில், ஒரே சாரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தோம். அவர் எனக்கு இரண்டு வருடம் சீனியர். பிறந்தது கணியம்பாடி, வாக்கப்பட்டது சந்தவாசல். அவர் ஆய்வு புளிய மரத்தைப் பற்றி, என் ஆய்வு சாமையைப் பற்றி. என் ஊர் மலை மேலே, புதூர்நாட்டுப் பக்கம். சாமையும் புளியும் எங்கள் வீட்டில் காலில் இடறுகிற சாமான்கள். அதைப் பற்றி ஒருவர் ஐந்து வருடம் எழுதலாம் என்று சொன்னபோது என் அப்பா நம்பவில்லை. "வெதச்சி அறுக்கறதுக்கே அஞ்சு மாசம் போதுமேடா" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஆய்வேட்டின் கடைசியில் இருபது பக்கத்துக்கு ஏன் பெயர்ப் பட்டியல் போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லை. நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் மாதிரிதான் இதுவும். ஒருவர் பெயரை விட்டாலும் மனத்தாங்கல் வரும். என் முதல் அத்தியாயத்தில், தலைப்பை மட்டும் பார்த்த கட்டுரைகள் உட்பட எல்லோரையும் போட்டேன். சார் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் மேல் விரலை வைத்தார்.

"இவர் சொன்னத நீ உள்ள எங்க சொல்லியிருக்க?"

"எங்கயும் சொல்லல சார்."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறார்?"

"விட்டா நல்லா இருக்காதேன்னு போட்டேன் சார்."

சார் அந்தப் பெயரைப் பென்சிலால் அடித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "இவனுக்கு அந்த டூல சொல்லிக் குடும்மா" என்றார்.

அக்கா அன்று சாயந்திரமே என்னைக் கம்ப்யூட்டர் லேபில் உட்கார வைத்துக் காட்டினார். இணையத்தில் ஒரு கட்டுரையைத் திறந்து, உலாவியின் மூலையில் இருக்கும் சின்னப் படத்தை அமுக்கினால் போதும். எழுதியவர், வருடம், இதழ், பக்கம் எல்லாம் தானாக வந்து டூலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வேர்டில் எழுதும்போது இடத்தைக் காட்டினால் அங்கே மேற்கோள் விழும். கடைசியில் பட்டியலும் தானே அடுக்கிக்கொள்ளும். யாரை உள்ளே எங்கேயும் சொல்லவில்லையோ அவர் பட்டியலில் வரவே மாட்டார்.

"பத்திரிகையில பேரு போடற வேல இனிமே உனுக்கு இல்ல" என்றார் அக்கா.

எனக்கு அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. புதுப் பை கிடைத்த பிள்ளை எதையாவது போட்டு நிரப்பிக்கொண்டே இருப்பது போல, கண்ணில் பட்ட கட்டுரையை எல்லாம் உள்ளே தள்ளினேன். சாமை, தினை, வரகு, அப்புறம் எதற்கென்றே தெரியாமல் நத்தை. வீட்டில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அம்மா எட்டிப் பார்ப்பாள்.

"இன்னாடா எழுதற?"

"யாரு யாரு இன்னா சொல்லிக்கீறாங்கன்னு எழுதறம்மா."

"நீ இன்னா சொல்ற?"

"அது கடைசி அத்தியாயத்துலம்மா."

"அது வரிக்கும் சும்மா கேட்டுகினு குந்தியிருப்பியா?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்த ஆர்வத்தில்தான் குரூப்பையும் நானே தொடங்கினேன். உறுப்பினர்கள் மூன்று பேர்: சார், அக்கா, நான். ஒருவர் ஒரு கட்டுரையைப் போட்டால் மற்ற இருவர் மடிக்கணினியிலும் அது வந்துவிடும். சார் அழைப்பை ஏற்றுக்கொண்டதோடு சரி, அதற்குப் பிறகு உள்ளே வந்ததே இல்லை. ஆகக் குரூப் என்றாலே அக்காவும் நானும்தான். நான் கட்டுரைகளாகக் கொண்டுவந்து கொட்டினேன். அக்கா படித்தார். படித்துவிட்டு ஒவ்வொன்றின் அடியிலும் குறிப்பு எழுதினார். 'இவர் கணக்கை நம்பாதே, இருபது மரம்தான் பார்த்திருக்கார்' என்று ஒன்று. 'முறை நல்லா இருக்கு, முடிவு இழுவை' என்று ஒன்று. சிலதில் முழுப் பக்கமே இருக்கும். மூன்று வருடமாக அவர் யோசித்தது எல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் இருந்தது. வேறு நோட்டு கிடையாது, வேறு நகல் கிடையாது. குரூப்தான் நோட்டு.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். திங்கட்கிழமை அக்கா ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். கடைசி அத்தியாயம் பாக்கி. சனி சாயந்திரம் ஆறு மணிக்குள் அது சாருக்கு மெயிலில் போயாக வேண்டும். அவர் இரவே படித்துவிட்டு ஞாயிறு காலை வெளியூர் கிளம்புகிறார். தவறினால் இன்னொரு ஆறு மாத நீட்டிப்புக்கு எழுதிப் போட வேண்டும், அதற்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் எப்போதும் விடுப்பில் இருப்பார். எனவே அக்கா வெள்ளிக்கிழமையே என்னிடம் சொல்லிவிட்டார்: "ரெண்டு நாளைக்கு நெட்ட அணைச்சிட்டு, போனையும் அணைச்சிட்டு எழுதப் போறேன். குறிப்பெல்லாம் லேப்டாப்புலயே கீது. சனிக்கெழம ஆறு மணிக்குதான் நெட்டப் போடுவேன். அது வரிக்கும் என்னத் தேடாத."

நான் தேடவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். வனத்துறை அறிக்கைகளை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். கிளம்புவதற்கு முன்பு அவற்றை டூலில் ஏற்றப் பார்த்தபோது இடம் தீர்ந்துவிட்டது என்று வந்திருந்தது. குரூப்பைத் தொடங்கியவன் நான் என்பதால் குரூப்பில் இருப்பதும் என் இடத்தைத்தான் தின்றுகொண்டிருந்தது. குரூப்பிலிருந்து எனக்கு வேண்டிய கட்டுரைகளை மட்டும், குறிப்புகள் இல்லாமல், முன்பே என் சொந்த லைப்ரரிக்கு எடுத்து வைத்திருந்தேன். பின் இது எதற்கு இரண்டாவதாக ஒன்று?

இங்கே என் புத்தி எந்த வழியில் போனது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் சாமை விதை வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். இரண்டு படி அளந்து கொடுப்போம். கொடுத்த பிறகு அவர்கள் வீட்டுப் பானையில் இருப்பது அவர்களுடையது, எங்கள் பானையில் இருப்பது எங்களுடையது. எங்கள் பானையில் வண்டு விழுந்தால் கொல்லையில் கொட்டுவோம். அதனால் அவர்கள் பானையில் ஒரு மணி குறையாது. குரூப்பையும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கொடுத்தார், என் பக்கம் ஒரு பானை வந்திருக்கிறது. அதை நான் காலி செய்தால் அக்காவுக்கு என்ன?

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன், அழித்தேன். 'குரூப்பில் உள்ள அனைவருக்கும் நீக்கப்படும்' என்று ஏதோ ஒன்று வந்தது. சரி என்று அமுக்கினேன். எந்தப் பெட்டி வந்தாலும் சரி என்று அமுக்குவதுதான் என் பழக்கம். எதையும் பாதியில் விடக்கூடாது என்று குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது என்பதால் அது இன்னும் என் மடிக்கணினிக்குள்தான் நடந்திருந்தது. எங்கள் ஊருக்கு நெட் என்றால் ரோட்டு வளைவுதான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். ஜீப்புக்காகக் காத்திருப்பவர்கள், போனை உயர்த்திப் பிடித்திருப்பவர்கள் என்று ஏழெட்டுப் பேர். நெட் கிடைத்ததும் டூல் சுழன்றது, நின்றது. இடம் நிறைய இருக்கிறது என்று காட்டியது. சந்தோஷமாக வனத்துறை அறிக்கைகளை ஏற்றிவிட்டு, சும்மா பார்ப்போமே என்று இணையதளத்தில் குரூப் பக்கத்தைத் திறந்தேன்.

ஒன்றுமில்லை. என் பக்கம் ஒன்றுமில்லை என்றால் பரவாயில்லை. குரூப்புக்கே ஒன்றுமில்லை.

நேற்று அமுக்கிய பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்பது அப்போதுதான் வார்த்தை வார்த்தையாக நினைவுக்கு வந்தது. அக்காவின் குறிப்புகள் இந்த உலகத்தில் இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன: சந்தவாசலில், நெட் அணைத்து வைத்த அவர் மடிக்கணினியில். ஆறு மணிக்கு அவர் நெட்டைப் போட்டதும் டூல் தானாகச் சிங்க் ஆகும். குரூப் காலி என்று தெரிந்துகொண்டு, அங்கேயும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிடும்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாரைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை.

ஜீப் ஓட்டுகிற அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் படிக்கிறேன் என்று ஊரில் தெரிந்ததிலிருந்து எல்லோருக்கும் நான் டாக்டர். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களும் உண்டு.

"இன்னா டாக்டரே, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"அண்ணே, இப்பவே கெளம்பலாமா?"

"ஆளு நெறையட்டும். இன்னா அவசரம்?"

"ஒருத்தவங்க மூணு வருஷமா எழுதனது அழிஞ்சிடும்ணே."

"தீயா?"

"நெட்டு."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "நெட்டு வரலன்னு அழுவறவன பாத்துக்கீறேன். வரும்னு அழுவறவன இப்பதான் பாக்கறேன். ஏறு, ஏறு."

ஜீப் கிளம்புவதற்குள் ஒரு யோசனை வந்தது. அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் எண் என்னிடம் இருந்தது. எடுத்தார். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம், யாரோ ஆதார் அட்டையின் பின்பக்கம் விட்டுப்போனதாகச் சண்டை போடுகிற சத்தம்.

"மாமா, நான் பேசறேன். அக்காகிட்ட லேப்டாப்ப நெட்டுல போட வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏம்பா, இன்னா ஆச்சி?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணும் இல்ல மாமா. நேர்ல வந்து சொல்றேன். நெட்டுல போட்டா எல்லாம் அழிஞ்சிடும். அத மட்டும் சொல்லிடுங்க" என்றேன்.

"சர்ரி சர்ரி, வூட்டுக்குப் போன் போட்டு சொல்லிடறேன். ம்மா, ரெண்டு பக்கமும் எடுத்தாச்சி, திருப்பிப் பாரு" என்றதோடு ஜீப் வளைவைத் தாண்டியது, சிக்னல் போயிற்று.

சொன்னாரா, மறந்துவிட்டாரா என்று தெரியாமல் மலை இறங்கினேன். புதூர்நாட்டிலிருந்து சந்தவாசல் போவதென்றால் மலையின் ஒரு பக்கம் இறங்கி, சமவெளியில் அரைவட்டம் அடித்து, மறுபக்கம் அடிவாரத்துக்கு வர வேண்டும். திருப்பத்தூரில் வேலூர் பஸ்ஸைப் பிடித்தேன். வாணியம்பாடி தாண்டும்போது போன் அடித்தது. திரையில் 'அக்கா'.

எடுக்கவில்லை. ஆம்பூர் வருவதற்குள் ஏழு தடவை அடித்தார். ஏழு தடவையும் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு, என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுத்துப் பேசேம்பா. பொண்ணு பாவம்" என்றார்.

"அக்காம்மா."

"அக்கான்னா இன்னும் பாவம்."

வேலூரில் இறங்கி அடுத்த பஸ். கணியம்பாடி, கண்ணமங்கலம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று, சந்தவாசல் வரும்போது மணி மூன்றேகால். மாமா கடை வாசலிலேயே நின்றார். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"வாப்பா. உன்னாலதான் காலையிலர்ந்து கடையில குந்த முடியல. வண்டியில ஏறு."

"சொல்லிட்டீங்களா மாமா?"

"சொன்னேன்பா. சொன்னதுதான் வெனையாப் போச்சி."

வண்டியில் போகும்போதே விவரம் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போன் போட்டபோது அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். எடுத்தது மாமாவின் அம்மா. அவருக்கு நெட் எது, கரண்ட் எது என்று விளக்க அந்த நேரத்தில் மாமாவுக்கு முடியவில்லை. 'அந்தப் பெட்டிய ஆன் பண்ணா எல்லாம் அழிஞ்சிடுமாம், யாரும் தொட வேணாம்' என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா ஒரு வேலையை அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. மடிக்கணினியை ஒரு பழைய சேலையில் சுற்றி, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படவேட்டில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். போனை எடுத்துப் போகிற வழக்கமும் அவருக்கு இல்லை.

ஆக, அக்காவுக்குக் காலை பத்து மணியிலிருந்து மடிக்கணினியே இல்லை.

வீட்டுக்குள் போனோம். அக்கா தரையில் உட்கார்ந்து, ஒரு நீள நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஏழு தடவ அடிச்சேன்."

"பஸ்ல சத்தமா இருந்திச்சிக்கா."

"பஸ்ல சத்தமா இருந்திச்சா, உனுக்கு வாய் அடைச்சிச்சா?"

 வழியெல்லாம் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். 'சர்வரில் ஏதோ கோளாறு' என்று தொடங்கும். அதைத் தொடங்கவும் செய்தேன்.

"அக்கா, குரூப்புல இருந்ததெல்லாம் எப்டியோ..."

"நீ அழிச்சிட்ட."

"எப்டிக்கா தெரியும்?"

"குரூப்புல மூணு பேரு. சாருக்கு உள்ள வர வழியே தெரியாது. நான் அழிக்கல." இப்போது நிமிர்ந்தார். "எத்தினி அழிச்ச?"

"எல்லாம்."

"என் குறிப்பு?"

"அதுவும். குப்பைத் தொட்டியும் காலி பண்ணிட்டேன்."

மாமா மெதுவாகச் சமையலறைப் பக்கம் நகர்ந்தார். தண்ணீர் கொண்டுவரப் போனார் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் தண்ணீர் வரவில்லை.

விதைப் பானைக் கதையைச் சொன்னேன். எங்கள் பானையில் வண்டு விழுந்தால் என்று தொடங்கும்போதே அது இங்கே எடுபடாது என்று தெரிந்தது, இருந்தாலும் முடித்தேன். அக்கா கேட்டுக்கொண்டார்.

"அது ரெண்டு பானைடா. இது ஒரே பானை. ரெண்டு பேரும் கைய உட்டு எடுக்கறோம்" என்றார். பிறகு, "நெட்ட போட்டாதான போவும்? இப்ப வரிக்கும் போடல. சாவி வரட்டும், பாப்போம்" என்றார். குரல் நிதானமாக இருந்தது. 

மூன்றரை தாண்டியதும் அந்த அம்மா தேங்காய், வெற்றிலைப் பையோடு வந்தார். என்னைப் பார்த்து, "நீதான் போன் பண்ண தம்பியா? பாத்தியா, யாரும் தொடல" என்றார்.

"ரொம்ப நன்றிம்மா."

"அத்தை, சாவி" என்றார் அக்கா.

"இரு, மொதல்ல தம்பி கேக்கட்டும். அவன்தான தொட வேணாம்னான்."

நான் கேட்டேன். பீரோ திறந்தது. சேலைச் சுருளிலிருந்து மடிக்கணினி வெளியே வந்தது. அக்கா அதைத் திறந்து, நெட் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு டூலைத் திறந்தார். இடது பக்கம் குரூப்பின் பெயர், அதன் கீழே வரிசையாகக் கட்டுரைகள். ஒன்றை அமுக்கினார். 'இவர் கணக்கை நம்பாதே.' இருந்தது. இன்னொன்றை அமுக்கினார். இருந்தது. ஐந்தாறைப் பார்த்த பிறகு மூச்சை விட்டார். நானும் அப்போதுதான் விட்டேன்.

"இப்ப இன்னா பண்றதுக்கா?"

அக்கா டூலின் செட்டிங்ஸுக்குள் போனார். 'தானாகச் சிங்க் செய்' என்பதற்கு முன்னால் ஒரு சின்னக் குறி இருந்தது. அதை எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தார். மொத்தம் நான்கு நிமிடம்.

"அவ்ளோதான்" என்றார்.

"அவ்ளோதானா?"

"'அக்கா, நான் அழிச்சிட்டேன், சிங்க்க நிறுத்திடு'ன்னு மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இத காலையிலயே பண்ணியிருப்பேன். நீ மலையிலர்ந்து எறங்கியிருக்கவே வேணாம். எங்க அத்தை இத நகையோட பூட்டியிருக்கவும் வேணாம்." மணியைப் பார்த்தார். "அஞ்சர மணி நேரம் போச்சி."

அழித்ததற்கு அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த அஞ்சரை மணி நேரத்துக்கும், எடுக்காத ஏழு போனுக்கும்தான் அவர் முகம் அப்படி இருந்தது. சமையலறையிலிருந்து மாமா எட்டிப் பார்த்து, "முடிஞ்சிச்சா?" என்றார்.

"எங்க முடிஞ்சிது? பதினோரு பக்கம் கையால எழுதி வெச்சிருக்கேன். டைப் அடிக்கணும், மேற்கோள் போடணும். ரெண்டு மணி நேரத்துல எப்டி?"

"நான் அடிக்கறேங்க்கா" என்றேன். நான் வேகமாக அடிப்பேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த திறமை அது ஒன்றுதான்.

அக்கா யோசித்தார். பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். திருப்பும்போது அழிக்கும் விசையின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டினார். மாமா கடையிலிருந்து வந்த டேப்.

அவர் வாசிக்க, நான் அடித்தேன். இடையிடையே மேற்கோள் வர வேண்டிய இடங்களில் அக்கா நோட்டில் பெயர் எழுதவில்லை. மடிக்கணினி கையில் இல்லாததால் தன் மனசில் அவர்களுக்கு வைத்திருந்த பட்டப் பெயர்களை எழுதியிருந்தார். 'இருபது மரத்துக்காரர்.' 'இழுவை.' 'கென்யா அம்மா.' 'கோவக்காரர், இரண்டாவது கட்டுரை.' நான் பெயரைக் கேட்பேன், அக்கா சொல்வார், டூலில் தேடி அந்த இடத்தில் போடுவேன். மூன்று வருடமாக நான் கொண்டுவந்து கொட்டியவர்களை அக்கா இப்படித்தான் பழகி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. நானே சேர்த்த கட்டுரைகள். அவர்களில் யார் கோபக்காரர் என்று எனக்குத் தெரியவில்லை.

நடுவில் அந்த அம்மா காதுகுத்து வீட்டு லட்டை ஆளுக்கொன்று வைத்துவிட்டு, "இத்தினி பேரு சொன்னதையும் எழுதணுமா?" என்று கேட்டார்.

"சொன்னவங்கள மட்டும்தான் அத்தை."

"சொல்லாதவங்கள?"

"அவங்கள இவன் எழுதுவான்" என்று அக்கா என்னைக் காட்டினார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பதாவது பக்கம் வந்தபோது மணி ஐந்தரை. புளிய மரத்தடியில் எதுவும் விளையாது என்று பொதுவாகச் சொல்வதைப் பற்றிய பகுதி. 'நிழலின் ஓரம் வரை சாமை விதைக்கிறார்கள். கதிர் பிந்தி வருகிறது, ஆனால் வருகிறது' என்று ஒரு வாக்கியம். அதன் பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில், 'நம்ம பையன்.'

"இது யாருக்கா, நம்ம பையன்?"

"நீதான்டா."

"நானா?"

"போன வருஷம் கருத்தரங்குல படிச்சியே. அந்தத் தொகுப்புல வந்திருக்கே. நீ எழுதனத நீயே மறந்துட்டியா?"

மறக்கவில்லை. யாராவது படிப்பார்கள் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். டூலில் தேடினேன். நத்தை கூட இருந்தது, நான் இல்லை. எவ்வளவோ பேரைக் கொண்டுவந்து போட்டவன், என் கட்டுரையை மட்டும் குரூப்பில் போடக் கூச்சப்பட்டு விட்டிருந்தேன்.

"இல்லக்கா. உட்டுடலாமா? நேரம் வேற ஆவுது."

"எப்டி உடறது? அது நீ சொன்னது. உன் பேரப் போடலன்னா நான் சொன்ன மாரி ஆய்டும். புதுசா போடு."

புதிய பதிவைத் திறந்தேன். தலைப்பு அடித்தேன், வருடம் அடித்தேன், தொகுப்பின் பெயர், பக்க எண். எழுதியவர் என்ற இடத்துக்கு வந்தேன். அங்கே இரண்டு பெட்டிகள்: குடும்பப் பெயருக்கு ஒன்று, சொந்தப் பெயருக்கு ஒன்று. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. என் பெயர் இருக்கிறது, முன்னால் அப்பாவின் பெயரில் முதல் எழுத்து இருக்கிறது. அந்த எழுத்தை முதல் பெட்டியில் போட்டால் பட்டியலில் அப்பாதான் முன்னால் வருவார், என் பெயர் பின்னால் நிற்கும். இரண்டாவது பெட்டியில் போட்டால் நான் முன்னால், அவர் ஒற்றை எழுத்தாகப் பின்னால். விதைத்து அறுப்பதற்கே ஐந்து மாதம் போதுமே என்று கேட்ட மனிதர். நிழலோரத்தில் சாமை விதைப்பதை நான் பார்த்ததே அவர் நிலத்தில்தான்; கதிர் பிந்தி வரும் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான். விரல் விசை மேலேயே நின்றுவிட்டது.

"இன்னாடா யோசன? மணி அஞ்சே முக்கா."

"எங்கப்பா எந்தப் பெட்டியில வருவாருன்னு பாக்கறேங்க்கா."

அக்கா திரையைப் பார்த்தார். "உனுக்கு எது தோணுதோ அதுல போடு. போட்டுட்டு சேவ் பண்ணு. வேற எதையும் தொடாத."

முதல் பெட்டியில் போட்டேன். சேமித்தேன். வாக்கியத்தின் கடைசியில் மேற்கோளைப் போட்டதும், பட்டியலில் கென்யா அம்மாவுக்கு மேலே அந்த ஒற்றை எழுத்து போய் உட்கார்ந்தது.

மிச்சம் இரண்டு பக்கத்தையும் முடித்தபோது ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது. அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டார். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். டூல் பேசாமல் இருந்தது. மெயில் சுழன்றது, கொஞ்சம் நின்றது, பிறகு போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் சாரிடமிருந்து பதில் வந்தது: 'கிடைத்தது. படிக்கிறேன்.'

"போச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா, கையில் பீரோ சாவியோடு.

"போச்சி அத்தை. போவ வேண்டியதுதான் போச்சி" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஆறர மணிக்கு வேலூர் பஸ் கீது. லட்ட துன்னுட்டுக் கெளம்பு" என்றார்.